வாத்தியார் வீட்டு பெட்ரோல் டேப்

அன்று காலை அங்கே இருந்தவர்கள் யார் யார் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார், அவருடைய மகள், அந்த வீட்டோடு இருக்கும் அவருடைய தங்கை, மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேப்பைப் பார்க்க வந்த மெக்கானிக். எதிர்வீட்டுக்காரர் தன் மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். கண்கள் மட்டும் இங்கே இருந்தன.

மகள் தலையை வாரி முடித்தாள். திருப்தியில்லாமல் கலைத்துவிட்டு மறுபடி வார ஆரம்பித்தாள். வாத்தியார் செய்தித்தாளுக்கு மேலாக அதைப் பார்த்தார்.

விஷயம் இதுதான். அந்தப் பழைய வண்டியில், டாங்குக்கு அடியில் இருக்கும் டேப்பை இறுக்கி மூடினாலும் பெட்ரோல் சொட்டியது. மெக்கானிக் வந்து சரிசெய்துவிட்டுப் போவார். ஈரம் காய்வதற்குள் மறுபடி சொட்டும். மறுபடி அவர் வருவார். இப்போதெல்லாம் மீசைக்கு மை வேறு அடித்துக்கொண்டு வருகிறார். டேப் பார்க்க வருகிற ஆளுக்கு மீசைக்கு எதற்கு மை?

இந்தக் குடும்பத்தைப் பார்த்துத் தெருவில் ஒருவர் விரல் நீட்டியதில்லை. இனியும் நீட்ட விடக்கூடாது என்பதுதான் வாத்தியாருக்கு மிச்சமிருந்த ஒரே உத்தியோகம்.

"சார், வாஷர் புதுசு சார். ஸ்க்ரூவை யாரோ கழட்டிக் கழட்டி விடறாங்க," என்றார் மெக்கானிக்.

"இந்த வீட்டுல அப்படிப்பட்டவங்க யாரும் இல்ல," என்றார் வாத்தியார். சொல்லும்போதே பார்வை மகளிடம் போனது.

தங்கை இருவருக்கும் டீ கொண்டுவந்து வைத்தாள். வாத்தியார் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"டீல பெட்ரோல் வாடை அடிக்குதே."

"உனக்கு எப்பவும் அந்த வண்டி நெனப்புதான்ணே," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

மெக்கானிக் தன் டம்ளரை ஒரே மூச்சில் காலி செய்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே சார். டீ அருமையா இருக்கு. சரி, வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துட்டு வந்துடறேன்."

இதுதான் சமயம் என்று வாத்தியார் மகளைப் பின்னறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"உண்மையைச் சொல்லு. டேப்பைக் கழட்டி விடறது நீதானே?"

"நானா? எனக்கு ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாதுப்பா."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு அலங்காரம்?"

"சாட்சிக் கையெழுத்துப் போடப் போறேன். போட்டோல்லாம் எடுப்பாங்க, பரட்டைத் தலையோடயா போய் நிக்கிறது?"

"யார் கல்யாணத்துக்கு?"

மகள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதே நேரம் வாசலில் மோட்டார் சைக்கிளை உதைக்கும் சத்தம் கேட்டது.

வாத்தியார் வாசல் பக்கத்து ஜன்னலுக்கு ஓடினார். வண்டியின் பின் சீட்டில், இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, கைப்பையை மடியில் அணைத்தபடி தங்கை உட்கார்ந்திருந்தாள். அண்ணி கண்ணை மூடிய நாளிலிருந்து இந்த வீட்டைத் தாங்கியவள். தனக்கென்று ஒரு வாழ்க்கை வேண்டும் என்று வாய் திறந்ததே இல்லை.

"உங்ககிட்ட சொல்லணும்னு அத்தை எத்தனையோ தடவை வந்தாங்கப்பா," என்றாள் மகள். "நீங்க உடனே குடும்ப மானம்னு ஆரம்பிச்சுடுவீங்க. பாவம், டேப்பைக் கழட்டறதைத் தவிர அவங்களுக்கு வேற வழி தெரியலை."

ஆனால் அத்தை கொஞ்சம் அதிகமாகவே கழற்றியிருந்தாள். பெட்ரோல் வழிந்து இன்ஜினுக்குள் போய் நிரம்பிவிட்டது. மெக்கானிக் உதைக்க உதைக்க வண்டி இருமியதே தவிர உறுமவில்லை. அவர் மீசையின் மை வியர்வையில் கரைந்து உதட்டுக்கு இறங்கியது. பக்கத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. எதிர்வீட்டுக்காரர் பிழிந்த சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உலர்த்த மறந்து நின்றார்.

இந்த வீட்டு வண்டி தெருவில் மானங்கெட்டு நின்று இதுவரை யாரும் பார்த்ததில்லை.

வாத்தியார் சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு விடுவிடுவென்று வெளியே போனார். மெக்கானிக்கின் கால் உதைப்பை மறந்து அந்தரத்தில் நின்றது. தங்கை கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"அண்ணே, நீ வேண்டாம்னா நான் இறங்கிடறேன்."

"வாயை மூடு. எல்லாரும் பார்க்கிறாங்க."

சாயங்காலம், துணியெல்லாம் காய்ந்த பிறகு, எதிர்வீட்டுக்காரர் துக்கம் விசாரிப்பவர் போலக் கைகட்டிக்கொண்டு வந்தார்.

"சார், மனசை விட்டுடாதீங்க. தெருவுல நாலு பேர் நாலு விதமாப் பேசத்தான் செய்வாங்க."

"என்ன பேசறாங்க?"

"உங்க தங்கச்சி அந்த மெக்கானிக்கோட போயிட்டாங்கன்னு..."

"அது சரிதான். அப்புறம்?"

"நீங்க தெருமுனை வரைக்கும் வண்டி பின்னாலேயே ஓடினதை நானே பார்த்தேன் சார். இந்த வயசுல அப்படித் துரத்திக்கிட்டு ஓடியும் பிடிக்க முடியாம கோட்டை விட்டுட்டாரேன்னு எல்லாருக்கும் ஒரே வருத்தம்."

முழங்கால் இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. ஆனாலும் வாத்தியார் எழுந்து, அணிவகுப்பில் நிற்பதுபோல் நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

"யார் துரத்தினது? ஸ்டார்ட் ஆகலை, தள்ளிவிட்டேன்."