ஒரு பிரஷ் மட்டும்

"ஒரு பிரஷ் மட்டும்தான் வேணும். வேற எதையும் காட்டாதீங்க" என்றார் நீலச் சட்டைக்காரர், கடைக்குள் கால் வைத்ததுமே.

"காட்டல சார். ஆனா பார்க்கறதுக்குக் காசு கிடையாது" என்றபடி மூங்கில் பிரஷ் ஒன்றை எடுத்து நீட்டினாள் விற்பனைப் பெண்.

அவள் வேலைக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பூமிக்குக் கெடுதல் செய்யாத வீட்டுச் சாமான்கள் விற்கிற கடை அது. வருகிறவர்கள் எல்லாவற்றையும் தடவிப் பார்ப்பார்கள், முகர்ந்து பார்ப்பார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இதுவரை அவள் கையால் ஒரு சோப்புகூட விலை போகவில்லை.

"இன்னிக்குக் கடை சாத்தறதுக்குள்ள ஏதாவது ஒண்ணு வித்துக் காட்டு. இல்லேன்னா நாளைக்கு வர வேண்டாம்" என்று காலையிலேயே சொல்லிவிட்டார் முதலாளியம்மா. இப்போது கல்லாவில் உட்கார்ந்து, தலை நிமிராமல் ஒரு மரக் கரண்டியை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பிரஷ் தேஞ்சு போனா, கைப்பிடியை மண்ணுல புதைச்சிடலாம் சார். மக்கிடும்."

"அதுக்குள்ள என் பல்லு மக்காம இருந்தா சரி. பில் போடுங்க."

"போடறேன். இதை எதுல வைப்பீங்க?"

"வாயில."

உப்புத்தாள் ஒரு கணம் நின்று, மறுபடி ஓடியது.

"தேய்ச்சு முடிச்ச பிறகு சார்."

"ஒரு கண்ணாடி டம்ளர் இருக்கு. விளிம்பு உடைஞ்சது. அதுவே போதும்."

"ரொம்ப சரி. இருக்கறதை வச்சுப் பிழைக்கறதுதான் பூமிக்கு நல்லது."

அப்பாடா என்று அவர் பர்ஸை எடுத்தார்.

"ஆனா வீட்டுல உக்கார என்ன வச்சிருக்கீங்க?"

"பிரஷுக்கும் உக்கார்றதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"சும்மா கேட்டேன்."

"பிளாஸ்டிக் நாற்காலி."

"ஒரு கால் ஆடுமே? அட்டையை மடிச்சு அடியில சொருகி வச்சிருப்பீங்களே?"

அவர் திருதிருவென்று விழித்தார். "அது... உங்களுக்கு எப்படி..."

"எல்லா வீட்டுலயும் அதே கதைதானே சார். இப்படி வாங்க."

ஜன்னலோரம் கிடந்த நீளமான பெஞ்சுக்கு முன்னால் அவரைக் கொண்டுபோய் நிறுத்தினாள். கடையிலேயே பெரிய சாமான் அதுதான். அவள் வந்த நாளிலிருந்து அதன் மேல் தூசி தட்டியதுதான் மிச்சம், வாங்குவாரில்லை.

"இடிச்ச பள்ளிக்கூடத்தோட கதவுப் பலகை சார். இதுக்காகப் புதுசா ஒரு மரம் வெட்டல. ஆணி கிடையாது, பலகையோட பலகையைக் கோத்திருக்கு. வார்னிஷ் நெடி கிடையாது, தேன் மெழுகுதான் பூசியிருக்கு. முகர்ந்து பாருங்க."

"மேடம், நான் பல் தேய்க்க வந்தவன்."

"உக்காருங்க சார்."

உட்கார்ந்தார். "பள்ளிக்கூடத்துல என்னைப் பெஞ்சு மேல ஏத்தி நிக்க வச்சவங்கதான் உண்டு. உக்காரச் சொன்னது நீங்கதான்."

"முதுகு எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருந்துச்சு. இப்பதான் விலைச் சீட்டைப் பார்த்தேன்."

"வருஷத்துக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி, உடைச்சு, குப்பையில போடறீங்களே, அந்தக் கணக்கைப் பாருங்க. இது உங்க பேரப் பிள்ளைங்க வரைக்கும் உழைக்கும்."

"முதல்ல பிள்ளை பிறக்கட்டும், மேடம்."

இத்தனை நாளாய்ப் பேச நினைத்து, கேட்க ஆளில்லாமல் அடைத்துக் கிடந்ததெல்லாம் மடை திறந்ததுபோல் வந்துகொண்டிருந்தது அவளுக்கு. அவர் குரலைத் தாழ்த்தி, "பிரஷோட விட்டுடுங்களேன்" என்றார். கண்ணாலும் கெஞ்சிப் பார்த்தார். அவள் பலகையின் ரேகையைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு பெரிய சாமானை வீட்டுல கேக்காம எப்படிங்க?"

"போன் போட்டுக் கேளுங்க."

"எடுக்க மாட்டா. வேலையில இருப்பா."

"எடுத்தா என்ன சொல்வாங்க?"

அவர் பெருமூச்சு விட்டார். "'வாங்கிடுங்க'ன்னுதான் சொல்வா. அவகிட்ட பேசி நான் ஒரு நாளும் ஜெயிச்சதில்லை."

"அப்ப என்கிட்ட மட்டும் எதுக்கு சார் முயற்சி பண்றீங்க?"

அவர் எழுந்து பர்ஸைத் திறந்தார். கார்டை நீட்டினார்.

"வீடு எங்கன்னு சொல்லுங்க, நாங்களே அனுப்பி வைக்கறோம்" என்றார் முதலாளியம்மா.

"வேண்டாங்க, வேண்டாம். நாளைக்கு நானே வண்டி வச்சு எடுத்துக்கறேன்" என்றார் அவர் அவசரமாக. சட்டைப் பையிலிருந்து மடித்து வைத்த மஞ்சள் பூப் போட்ட துணிப்பையை உதறி எடுத்து, பிரஷை அதில் போட்டுக்கொண்டு, சூடு கண்ட பூனைபோல் வெளியேறினார்.

முதலாளியம்மா கரண்டியைக் கீழே வைத்தார்.

"வேலை உனக்குத்தான். நாளையிலேருந்து சீக்கிரமா வந்துடு."

"ரொம்ப நன்றிம்மா!" அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் கொக்கியில் மாட்டியிருந்த தன் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.

முதலாளியம்மா மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பையைப் பார்த்தார். மஞ்சள் பூக்கள்.

"அழகா இருக்கே. நீயே தைச்சதா?"

"ஆமாம்மா. வீட்டுல கிடந்த பழைய திரைச்சீலை. வீணாக்க மனசு வரல."

"ஒரு திரையில எத்தனை பை வரும்?"

"ரெண்டு" என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"பயப்படாதே, வேலை வேலைதான்" என்று மறுபடி கரண்டியைக் கையில் எடுத்தார் முதலாளியம்மா. "ஒரு பிரஷ் வாங்கிட்டுப் போங்கன்னு நீயே வரச் சொன்ன மனுஷன்! சொந்தப் புருஷன்னுகூடப் பார்க்காம அவர் தலையிலயே பெஞ்சைக் கட்டிட்டியே, உன்னை விடுவேனா? ஒண்ணு மட்டும் அவர்கிட்ட சொல்லிடு பொண்ணே: வித்த சாமானை இந்தக் கடையில திருப்பி எடுக்கறதில்லை."