விட்டுப்போனதைச் சொல்ல

அமெரிக்காவில் ஆங்கிலேயரின் பதின்மூன்று குடியேற்றங்களும் தங்களுக்குள் ஓயாமல் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. ஆறு பூர்வகுடி இனங்கள் ஒரே கூரையின்கீழ் எப்படி ஒற்றுமையாக இருக்கின்றன என்று கேட்டு எழுதிவர, எழுத்தர் ஆம்ப்ரோஸை அந்த இனங்கள் கூடும் இரோகுவா சபைக்கு அனுப்பினார்கள். வீட்டில் அவனைத் தேட ஆளில்லை என்பதுதான் தகுதி.

அவன் பேசி முடித்தான். தலைவர்கள் வாய் திறக்கவில்லை. பேசியவர் விட்டுப்போனதைச் சேர்த்துக்கொள்ள நேரம் தருவது அவர்கள் வழக்கம். பேச்சு எடுபடவில்லை என்று பயந்துபோன ஆம்ப்ரோஸ் வழியில் மிதித்த சேற்றைச் சொன்னான், குதிரை நொண்டியதைச் சொன்னான். அப்போதும் மௌனம். சொல்ல வேறெதுவும் இல்லாமல், "பனிக்காலத்துல என் பொண்டாட்டி செத்துப்போயிட்டா. அதப் பத்தி யார்கிட்டயும் பேசினதில்ல" என்றான்.

மொழிபெயர்ப்பாளர் கதேரி அதையும் தடுமாறிச் சொன்னாள். "இன்னும் இருக்கா, எழுத்தரே?"

"அவ்வளவுதான்."

மூத்த தலைவர் எழுந்துவந்து மான்தோலால் அவன் கண்களைத் துடைத்துவிட்டார்.

"அப்போ ஆட்சி விஷயம்?" என்று கேட்டான் ஆம்ப்ரோஸ்.

"நாளைக்குத்தான். கண்ணுல தண்ணியோட இருக்கறவர்கிட்ட நாங்க அதெல்லாம் பேசறதில்ல" என்றாள் கதேரி.

முதல் விதியாக அதையே எழுதிக்கொண்டான். ஊரில் சிரிப்பார்களே என்று தோன்றியது. எழுதியதை அடித்துவிட்டு, விடியட்டும் என்று உட்கார்ந்திருந்தான்.