புகாருக்கு மட்டும் பதில்

பர்கரில் ஒரு குறையும் இல்லை. அதுதான் சங்கரிக்குக் கஷ்டமாக இருந்தது.

மட்டாஞ்சேரி பஜாரில் பழைய அரிசிக் கிடங்கைக் கடையாக்கிய இடம் அது. மதியம் ஒரு மணிக்கு உட்கார இடம் கிடைக்காது. சுவரோரப் பலகையில் தட்டை வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டாள். இன்னொரு கையில் போன்.

"நின்னுக்கிட்டே தின்னா உடம்புல ஒட்டாது, மதுவந்தி சேச்சி. வேணும்னா என் கல்லா மேல ஏறி உக்காருங்க" என்றான் ராமர்.

தேனியிலிருந்து வந்து இந்தக் கிளையைப் பார்த்துக்கொள்பவன். ஆர்டருக்குப் பெயர் கேட்ட முதல் நாள் அவள் வாயில் வந்த பெயர் மதுவந்தி. அவன் அதையே பிடித்துக்கொண்டு, அக்கா என்பதற்கு இந்த ஊர்க்காரர்கள் சொல்லும் சேச்சியையும் சேர்த்துக்கொண்டான்.

கடை அவளுடைய அக்கா பாக்கியலக்ஷ்மியுடையது. இவள் தங்கை என்பது ராமருக்குத் தெரியாது.

அக்கா ஆலுவாவில் இருக்கிறாள். இங்கே கிளை திறந்து இரண்டு வருஷம் ஆகியும் ஒருநாள்கூட வந்ததில்லை. எல்லாம் போனில்தான். சங்கரிக்கும் உள்ளே நுழையத் துணிவு வந்தது ஐந்து வாரத்துக்கு முன்புதான்.

ஏழு வருஷத்துக்கு முன்னால், காதலித்த சேவியரோடு போக அக்கா ஒளித்து வைத்திருந்த டிக்கெட்டைப் பற்றி அப்பாவிடம் சொன்னது சங்கரி. அப்பா ஸ்டேஷனுக்கே போய், பிளாட்ஃபாரத்தில் எல்லார் முன்னாலும் அக்காவை அறைந்தார். ரயில் வந்தது. அக்கா ஏறிப் போய்விட்டாள்.

அதோடு பேச்சு நின்றது.

சங்கரிக்குக் கடிதம் எழுதுவதுதான் பிழைப்பு. இதே பஜாரில் இருக்கும் மிளகு ஏற்றுமதிக் கம்பெனியில் போகிற வருகிற கடிதமெல்லாம் அவள் கையில்தான். ஆனால் 'அன்புள்ள அக்கா' என்பதற்கு அடுத்த வரி மட்டும் ஏழு வருஷமாக வரவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் இந்தக் கடையின் விமர்சனப் பக்கம் கண்ணில் பட்டது. எழுதுகிறவர்களுக்கெல்லாம் அக்காவே பதில் போடுகிறாள், கீழே தன் பெயரோடு.

சங்கரி முறையாக இறங்கினாள். வேண்டப்பட்டவர் எழுதியது என்று தெரிந்துவிடக் கூடாதே. முதலில் சுற்றுவட்டாரத்தில் இருந்த மற்ற ஐந்து பர்கர் கடைகளுக்குப் போனாள். சாப்பாடு, குடிக்கக் கிடைப்பது, இடம் என்று மூன்று தலைப்பில் எழுதினாள். ஐந்திலும் உருளைக்கிழங்கு பர்கர்தான். ஒன்றில் பன் காய்ந்திருந்தது. ஒன்றில் எலுமிச்சை சோடாவில் சர்க்கரை கரையவே இல்லை. இன்னொன்றில் பாட்டுச் சத்தத்தில் தான் இருமியது தனக்கே கேட்கவில்லை.

ஆறாவதாக அக்காவின் கடை. மதுவந்தி என்ற பெயரிலேயே ஐந்து நட்சத்திரம் போட்டாள்.

"நன்றி, மீண்டும் வருக" என்று பதில் வந்தது.

அடுத்த வாரம் இன்னும் விரிவாகத் திருத்தி எழுதினாள். அதே நன்றி, அதே மீண்டும் வருக. ஐந்து நட்சத்திரம் போட்ட எல்லாருக்கும் அந்த ஒரே வரிதான்.

ஆனால் அதே பக்கத்தில், ஆலுவாக் கடையில் பர்கர் ஆறிப்போயிருந்தது என்று ஒற்றை நட்சத்திரம் போட்ட யாரோ ஒருவருக்கு அக்கா பதினொரு வரி எழுதியிருந்தாள். அடுப்பு கெட்டுப்போனது, சேவியர் ஊரில் இல்லாதது, தனக்குக் காய்ச்சல், மகளைத் தோளில் போட்டுக்கொண்டே வேலை பார்த்தது எல்லாம் அதில் இருந்தன.

அக்காவுக்கு மகள் இருப்பது சங்கரிக்கு அப்படித்தான் தெரிந்தது.

யோசித்துப் பார்த்தால் கம்பெனியிலும் அதுதானே வழக்கம். பாராட்டிக் கடிதம் வந்தால் ஃபைலுக்குப் போகும். புகார் வந்தால் மூன்று நாளில் பதில் போயாக வேண்டும், வரிசை எண் போட்டு.

அதனால் இன்று ஐந்தை இரண்டாகக் குறைத்தாள்.

ஒன்று, உப்பு போதவில்லை. பொய்.

இரண்டு, சோடாவில் பாதி ஐஸ்தான். அதுவும் பொய்.

மூன்றாவதற்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஜன்னலோர மேசையில் எப்போதும் 'ரிசர்வ்டு' என்று ஒரு அட்டை. அங்கே ஒருவர்கூட உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. ஒருநாள் அவளே உட்காரப் போனபோது, வேறு ஆளுக்கு என்று ராமர் கும்பிட்டு அனுப்பிவிட்டான். பசியோடு வந்தவர்களை நிற்க வைத்துவிட்டு வெறும் மேசைக்கு மரியாதை செய்வது என்ன நியாயம் என்று எழுதினாள். அது மட்டும் நிஜம்.

சோடா தீர்வதற்குள் பதில் வந்துவிட்டது.

நீளமான பதில். சங்கரி கையைத் துடைத்துக்கொண்டு போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

உப்புக்கு ஒரு மன்னிப்பு. ஐஸுக்கு ஒரு மன்னிப்பு. பிறகு:

"மூன்றாவது, மேசை. அது என் தங்கைக்காகப் போட்டு வைத்தது. அதே தெருவில்தான் அவளுக்கு வேலை. சங்கரி என்று பெயர் சொல்லி யாராவது வந்தால் அங்கே உட்கார வைத்துவிட்டு எனக்கு போன் செய்யும்படி சொல்லியிருந்தேன். மட்டாஞ்சேரியில் கடை போட்டதே அதற்குத்தான் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். இரண்டு வருஷம் ஆயிற்று. அவள் வரவில்லை. நீங்கள் கேட்பதுதான் நியாயம். அட்டையை இப்போதே எடுத்துவிடச் சொல்கிறேன். எடுத்துச் சொன்னதற்கு நன்றி."

சங்கரி நிமிர்ந்தபோது, ராமர் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்க்கொண்டிருந்தான். "சரி சேச்சி. ஆமா சேச்சி. இதோ எடுத்துட்டேன்."

சுவரை விட்டு இரண்டு எட்டு வைத்தாள். நடுவில் தட்டும் கையுமாக ஆட்கள்.

ராமர் அட்டையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மேசையை ஒரு துடை துடைத்தான். ஈரம் காய்வதற்குள் கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் போய் உட்கார்ந்து பைகளை மடியில் வைத்துக்கொண்டார்கள்.

கடையில் மற்ற எல்லா மேசைக்கும் நான்கு நாற்காலி. அதற்கு மட்டும் எதிரெதிராக இரண்டுதான் போட்டிருந்தது. இரண்டிலும் ஆள் உட்கார்ந்த பிறகுதான் சங்கரி அதைக் கவனித்தாள்.