தோட்டம் பார்த்த அறை

தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் ஜன்னலோரம் மட்டும்தான் கைப்பேசிக்கு லைன் கிடைக்கிறது. அதனால் சுபத்ராவும் அவள் கணவன் மகேஸ்வரனும் அங்கேயே தோளோடு தோள் ஒட்டி நிற்கிறார்கள். வெளியே தேயிலைச் சரிவின் மேல் பனி இறங்கிக்கொண்டிருக்கிறது. திரையிலோ தியோமான் தீவு. வெள்ளை மணல், கண் கூசும் நீலம். கொழுந்து வெட்டிக் காய்ப்பேறிய விரலால் அவள் அந்த நீலத்தைத் தொடுகிறாள். படம் நழுவி அடுத்த ரிசார்ட்டுக்கு ஓடுகிறது. “இதுவே இருக்கட்டுங்க. கட்டில்ல படுத்துக்கிட்டே கடலப் பாக்கலாம்.” அவன் விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறான். “கடல் பக்கம் எல்லாம் ஃபுல்லாயிருச்சு லா, ஸ்கூல் லீவுல்ல? கார்டன் வியூ ஒன்னுதான் இருக்கு. போட்டுடவா?” “அப்படின்னா?” “தோட்டத்தப் பாத்த ரூமு.”

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைக்கிறது. சிரிக்க வாயெடுத்தவன் அவள் முகத்தைப் பார்த்து அடங்கிவிடுகிறான். சுபத்ரா நிமிர்ந்து ஜன்னலைப் பார்க்கிறாள். பிறந்த நாள் முதல் அவள் கண்விழித்த அதே சரிவு, அதே பச்சை, வரிசை வரிசையாக. அவள் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்குகிறது. துடைக்க அவள் கை எழவில்லை. முதன்முதலாகக் கிடைத்த லீவு, விட்டால் அடுத்தது எப்போதோ. “போடுங்க,” என்கிறாள் மெதுவாக. “அந்த ரூமு ஜன்னலுக்குத் திரை இருக்கான்னு மட்டும் பாத்துக்குங்க.”