தோட்டு நம்பர்

நாமக்கல்லை ஒட்டிய அந்தப் பண்ணையில் செத்துப்போன மாடுகளுக்கும் கன்று பிறந்தது. அவற்றின் சினைப்பைத் துண்டைக் கிண்ணத்தில் வைத்து, தினம் வளர்ச்சித் துளி விட்டு, உள்ளே உறங்கும் முட்டைகளை எழுப்புவது பூங்கோதையின் வேலை. மாட்டின் காதில் அடையாளத்துக்குக் கிடந்த தோட்டின் நம்பரைக் கிண்ணத்தின் மேல் எழுதிவைக்க வேண்டும்; அந்த நம்பரையும் பண்ணையில் தோடு என்றே சொல்வார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் புற்றுநோய் என்று அவளுடைய சினைப்பைகளை எடுத்துவிட்டார்கள். குளிரில் பத்திரப்படுத்தியிருந்த ஒரு துண்டை, "மனுஷருக்கு இதுல முட்டை வளக்க இன்னும் வழி வரலைம்மா" என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்தபோது, கையெழுத்துப் போட்டு டப்பாவோடு வாங்கிக்கொண்டாள்.

"அது எதுக்கு கோதை?" என்றான் கணவன் சென்னியப்பன்.

"என்னுதுதானுங்களே."

பங்குனியிலிருந்து பண்ணையில் கடைசித் தட்டில் நம்பர் இல்லாத கிண்ணம் ஒன்று இருந்தது. மாடுகளுக்கு விட்ட துளியில் அதற்கும் ஒன்று விட்டாள். காலையில் வந்ததும் கை கழுவிக்கொண்டு முதலில் அதைத்தான் குனிந்து பார்ப்பாள். ஆடியில் ஒரு முட்டைக் குமிழ் கடுகளவு திரண்டு நின்றது.

மறுநாள் கால்நடை டாக்டர் தனசேகர் அந்தக் கிண்ணத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இருக்கறதுலயே இதுதாம்மா நல்லா வளர்ந்திருக்கு. நாளைக்கே காளை விந்தைச் சேத்துடலாம். எந்த மாடு இது? தோட்டையே காணோமே."

பூங்கோதையின் கை தன் வெறுங்காதுக்குப் போனது.

"ஆபரேஷனுக்குக் கழட்டினதுங்க சார். இன்னும் போடலைங்க."