மூன்றாம் தொட்டி

தம்பி ஆய்வகத்திலிருந்து அழைத்தான். இறால் பண்ணை நடத்தும் அக்கா சிரித்துக்கொண்டே எடுத்தாள்.

“நேத்து நீ அனுப்பின ரிசல்ட்டைப் பார்த்தோம்டா. நோயை எதிர்க்கிற ஜீன் மூணாம் தொட்டிக் குஞ்சுகளுக்கு மட்டும் பத்து மடங்கு வேலை செய்யுதாமே! போன தடவை மாதிரி இனி குளம் குளமா செத்து மிதக்காது.”

“அதைப் பத்திச் சொல்லத்தான்க்கா…”

“உன் அத்தானுக்கும் அதைக் கொஞ்சம் ஏத்திவிடேன். காலையிலிருந்து தும்மியே உயிரை எடுக்கிறார்.”

“அவருக்கும் அந்த மாதிரி ஜீன் இப்ப ஏறித்தான் இருக்கும்.”

“சளி பிடிச்ச மனுஷனுக்கா?”

“சளி பிடிச்சதாலதான். கிருமி உள்ளே வராத வரைக்கும் அது தூங்கும். இறாலுக்கும் அப்படித்தான். மத்த தொட்டியெல்லாம் நல்லா இருக்கு. மூணாம் தொட்டியை மட்டும் உடனே மூடுக்கா. அதுல ஒரு குஞ்சுகூடக் குளத்துக்குப் போகக் கூடாது.”



அக்காவுக்குப் பின்னால் ஒரு தும்மல் கேட்டது. பிறகு அத்தானின் உற்சாகமான குரல்.

“மத்த தொட்டிக் குஞ்சையெல்லாம் வெளியே கொட்டியாச்சு. கடைசிக் குளத்துலயும் மூணாம் தொட்டிக் குஞ்சையே விட்டாச்சு!”