காற்றை விடக் கூடாது

"எழுதும்போது 'ப்', சொல்லும்போது 'ம்'. பின்னாடி 'ந' வந்தா அப்படித்தான் மாறும். ஸுப்நிதா இல்லக்கா, ஸும்நிதா" என்றாள் கொரிய மொழி டீச்சர்.

"ஸும்நிதா" என்றாள் தையல்காரி. உப்புச் சப்பில்லாத குரல்.

கொரிய மொழி வகுப்புக்கு வருகிறவர்கள் ஒன்று சீரியல் பைத்தியங்கள், இல்லையென்றால் வேலைக்குப் பறக்கத் துடிப்பவர்கள். இவள் எதிலும் சேர்த்தியில்லை. 'அவர் காலமாகிவிட்டார்' என்ற ஒரே ஒரு வாக்கியம் போதும் என்று வந்து உட்கார்ந்தவள்.

கொரியாவில் வெல்டராக இருந்த கணவன், லீவில் வந்த இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டான். அவனுடைய செல்போன் மட்டும் ஓயாமல் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தால் கொரிய மொழி. இவளுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அழுகையும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

"முதலாளி தேடுறார் போல. நானே பேசிச் சொல்லிடறேனேக்கா" என்றாள் டீச்சர்.

"வேண்டாம் டீச்சர். நான் சொல்றதுதான் முறை. அரைகுறையா சொல்லி, அந்தப் பக்கம் தப்பாப் புரிஞ்சிடக் கூடாது."

டீச்சருக்குப் பாவமாக இருந்தது. வாக்கியத்தைத் துண்டு துண்டாக உடைத்துச் சொல்லிக் கொடுத்தாள்.

"முடிவுல 'ப்', 'த்' வந்தா அழுத்தாதீங்க. வாயை மூடி அப்படியே நிறுத்திக்கணும். காத்தை வெளிய விடக் கூடாது."

"அது எனக்குப் பழக்கம்தான்."

டீச்சர் சிரித்தாள். அவள் சிரிக்கவில்லை.

ஒருவழியாக வாக்கியம் பிசிறில்லாமல் வந்தது. தையல்காரி முந்தானையால் கணவனின் செல்போனைத் துடைத்தாள்.

"இப்பவே சொல்லிடறேன். நீங்க பக்கத்துல இருங்க."

ஸ்பீக்கரைப் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"அப்பா?"

குழந்தைக் குரல். கொரிய மொழியிலும் அப்பாவுக்கு அப்பாதான்.

தையல்காரி செல்போனை உள்ளங்கையால் பொத்தினாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"பையன் எடுத்துட்டான் டீச்சர். 'அம்மாகிட்ட குடு'ன்னு எப்படிச் சொல்லணும்?"